கபரகொய்யா, பாம்பு, முதலை, மரநாய்: கொழும்புவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தை, தெகிவளை, கிருலப்பனை, ராஜகிரிய, கோட்டே, பத்தரமுல்லை, கொலன்னாவை, வத்தளைப் பக்கம் குடியிருப்பவர்களும், கால்வாய் ஓரங்களிலும் ஈரநிலப் பூங்காக்களிலும் காலை மாலை நடப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. யாரையாவது பாம்பு கடித்த பிறகு இந்தப் பக்கத்தைத் திறந்திருந்தால், முதலில் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். அது இலவசம். மற்றதைப் பிறகு படிக்கலாம்.

இவ்வளவு நெருக்கமான நகரத்துக்குள் இந்த விலங்குகள் எப்படி வருகின்றன?

கொழும்பின் பல பகுதிகள் சதுப்பு நிலத்தை நிரப்பிக் கட்டப்பட்டவை. களனி கங்கை, தியவன்னா ஓயா, பொல்கொடை வாவி, இவற்றுக்கு இடைப்பட்ட கால்வாய்கள், பெத்தகான, தலங்கம, பெல்லன்வில-அத்திடிய ஈரநிலங்கள் எல்லாம் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. 2018 ஒக்டோபரில், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகர அங்கீகாரம் பெற்ற முதல் 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. கால்வாய் வழியே கபரகொய்யாவும் (நீர் உடும்பு) நீர்நாயும் மீன்பிடிப் பூனையும் போய்வருகின்றன. மதிலோரத்துக் கானும் அவற்றுக்குப் பாதைதான். உங்கள் வளவுக்குள் அவற்றைத் தங்கவைப்பது பெரும்பாலும் எலியும் திறந்து கிடக்கும் குப்பையும்.

வீட்டுக்குள் பாம்பு. முதல் ஐந்து நிமிடம் என்ன செய்வது?

ஒருவர் பாம்பைப் பார்த்தபடியே நிற்க வேண்டும். இதுதான் முக்கியம். எல்லோரும் வெளியே ஓடிவிட்டுத் திரும்பி வரும்போது பாம்பு அலுமாரிக்கு அடியில் மறைந்திருக்கும். பிறகு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. மூன்று மீற்றராவது தள்ளி நில்லுங்கள். பிள்ளைகளையும் நாய் பூனைகளையும் வேறு அறைக்கு அனுப்புங்கள். உள் அறைகளின் கதவுகளை மூடி, கீழ் இடைவெளியில் துவாயைச் சுருட்டி அடையுங்கள். வெளிக்கதவை அகலத் திறந்துவிடுங்கள். பாம்புக்கும் கதவுக்கும் நடுவில் நிற்காதீர்கள். வெளியே இருட்டு, உள்ளே வெளிச்சம் என்றால் உள் விளக்கை அணைக்காதீர்கள், பாம்பு உங்கள் கண்ணில் இருக்க வேண்டும்.

பாதி மணித்தியாலத்தில் போகவில்லை என்றாலோ, மூலைக்குள் சுருண்டுவிட்டாலோ வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்தை அழையுங்கள். தும்புத்தடியால் அடிப்பது, வாளியால் மூடுவது, வாலைப் பிடித்து இழுப்பது மூன்றையும் விட்டுவிடுங்கள். அடிப்பதற்கோ பிடிப்பதற்கோ நெருங்கும்போதுதான் பாம்புக்கு உங்கள் கை எட்டுகிறது. தலை நசுங்கிய பாம்பும் சிறிது நேரத்துக்குக் கடிக்கும். செத்ததென்று கையால் தூக்காதீர்கள்.

எது விஷப்பாம்பு என்று எப்படி அடையாளம் காண்பது?

கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் கவனிக்க வேண்டியவை நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், கோப்பி விரியன். கண்ணாடி விரியன் தடித்த உடலும் முதுகில் சங்கிலிபோல ஓடும் நீள்வட்டப் புள்ளிகளும் கொண்டது. கிட்டப் போனால் குக்கர் ஆவிபோலப் பலமாகச் சீறும். கோப்பி விரியன் ஒரு முழத்துக்குக் குறைந்தது. முக்கோணத் தலை, மேல்நோக்கி வளைந்த மூக்கு நுனி, காய்ந்த இலையின் நிறம். தென்னை, வாழை அடியில் சருகுக்குள் அசையாமல் கிடக்கும். தோட்டம் துப்புரவு செய்பவரின் விரலிலும் காலிலும் கடிப்பது பெரும்பாலும் இதுதான்.

குழப்பம் வருவது கட்டுவிரியனிடம். சுவரேறி வீட்டுக்குள் வரும் ஓநாய்ப் பாம்பு விஷமற்றது. அதற்கும் உடலில் வெள்ளைப் பட்டைகள் உண்டு. இரண்டையும் வேறுபடுத்தச் செதில்களைப் பார்க்க வேண்டும், அதற்கு முகத்தைக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். ஆகவே பட்டை போட்ட எந்தப் பாம்பையும் கட்டுவிரியன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நீளமாக, வேகமாக மதிலோரம் ஓடுவது பெரும்பாலும் சாரை. அதை விட்டுவிடுங்கள், எலியைக் குறைத்துத் தருகிறது.

பாம்பு கடித்தால்?

கடிபட்டவரை உட்காரவோ படுக்கவோ வையுங்கள். நடக்கவும் மாடிப்படி இறங்கவும் விடாதீர்கள், தூக்கி இறக்குங்கள். கடிபட்ட கையிலோ காலிலோ உள்ள மோதிரம், காப்பு, கொலுசு, கைக்கடிகாரம், சப்பாத்து எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். கடிவாயைச் சோப்பும் தண்ணீரும் விட்டு மெதுவாகக் கழுவலாம், தேய்க்க வேண்டாம். பலகைத் துண்டையோ மடித்த பத்திரிகையையோ வைத்து அந்த உறுப்பை அசையாமல் தளர்வாகக் கட்டுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாந்தி எடுத்தால் இடப்பக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள்.

கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். விரியன் நஞ்சு தசையை அழிக்கும், இறுக்கிக் கட்டினால் அழிவு அந்த இடத்திலேயே கூடும், கட்டை அவிழ்க்கும்போது நஞ்சு ஒரேயடியாகப் பரவும். கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, விஷக்கல் ஒட்டுவது எதுவும் உதவாது. சாராயம் கொடுக்காதீர்கள். வலிக்கு பரசிற்றமோல் கொடுக்கலாம். அஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் இரத்தப்போக்கைக் கூட்டும், அவை வேண்டாம்.

பாம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு வைத்தியசாலைக்கு வர வேண்டியதில்லை. தூரத்தில் நின்று தொலைபேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும். முடியாவிட்டாலும் அறிகுறிகளையும் இரத்தம் உறைகிறதா என்ற சோதனையையும் வைத்து வைத்தியர்கள் முடிவு செய்வார்கள்.

அருகில் உள்ள தனியார் டிஸ்பென்சரிக்குப் போனால் போதாதா? விஷகடி வைத்தியரிடம்?

போதாது. நஞ்செதிர்ப்பு மருந்து ஏற்றும்போது சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரும். அதைச் சமாளிக்கும் வசதியுள்ள, வார்ட்டில் அனுமதிக்கும் வைத்தியசாலைக்கே நேரே போக வேண்டும். நகருக்குள் தேசிய வைத்தியசாலை; தெகிவளை, நுகேகொடைப் பக்கத்துக்குக் களுபோவில வைத்தியசாலை; பிள்ளைகளுக்கு பொரளை ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை. வழியில் இன்னோரிடத்தில் இறங்கி மருந்து கட்டினால் போவது பொன்னான மணித்தியாலங்கள்.

இங்கே பயன்படும் இந்திய நஞ்செதிர்ப்பு மருந்து நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன் கடிகளுக்கு உரியது. கோப்பி விரியனுக்கு அது வேலை செய்யாது. அதனால் கோப்பி விரியன் கடியை அலட்சியப்படுத்தலாம் என்று பொருளில்லை. சிலருக்கு இரத்த உறைவு குழம்பும், சிறுநீரகம் பாதிக்கப்படும், அதைக் கண்காணித்துச் சிகிச்சை செய்ய வேண்டும். வலி குறைந்துவிட்டது என்று வீடு திரும்பக் கூடாது. எந்தப் பாம்பு என்று தெரியாத கடிக்கு 24 மணித்தியாலமாவது வார்ட்டில் இருப்பது நல்லது.

இரவில் தூங்கும்போது எதுவும் கடித்த மாதிரித் தெரியவில்லை. காலையில் வயிற்று வலி, கண் இமை தொங்குகிறது. இதற்கும் பாம்புக்கும் தொடர்பா?

உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது, தடமும் தெரியாமல் போகலாம். பாயில் நிலத்தில் படுப்பவரை நள்ளிரவில் கடிக்கும். வயிற்று வலி, வாந்தி, இமை தொங்குதல், விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல் என்ற வரிசையில் போகும். வாய்வு என்று சோடாவும் இஞ்சியும் கொடுத்து நேரம் கடத்தி விடாதீர்கள். நிலத்தில் படுக்க வேண்டியிருந்தால் நுளம்பு வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் முழுதாகச் செருகுங்கள். நுளம்பு வலை பாம்புக்கும் நல்ல தடுப்பு.

கார்போலிக் அசிட், வெள்ளைப்பூடு, உப்பு, மண்ணெண்ணெய் தெளித்தால் பாம்பு வராதா?

வரும். கார்போலிக் அசிட் தோலைச் சுடும், பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்தப் போத்தலே பெரிய ஆபத்து. மண்ணெண்ணெய் கிணற்று நீரைக் கெடுக்கும்.

பயன் தருபவை வேறு. பொச்சுமட்டைக் குவியல், மிச்ச ஓடு, கல், பலகை அடுக்குகளை வீட்டுச் சுவரோடு வைக்காமல் வளவின் எல்லைக்குத் தள்ளுங்கள், நிலத்திலிருந்து ஓர் அடி உயர்த்தி அடுக்குங்கள். வெளிக்கதவின் கீழ் இடைவெளிக்கு றப்பர் பட்டி அடியுங்கள், சிறிய பாம்புக்குப் பென்சில் பருமன் இடைவெளி போதும். குளியலறைத் தண்ணீர் போகும் துளைக்குச் சல்லடை மூடி, காற்றுத் துளைகளுக்குக் கால் அங்குல வலை. சுவரைத் தொடும் கொடியையும் யன்னலைத் தொடும் கிளையையும் வெட்டுங்கள், மூன்றாம் மாடிக்குப் பாம்பு வந்தது எப்படி என்பதற்குப் பெரும்பாலும் அதுதான் பதில். நாய்ச் சாப்பாட்டுத் தட்டை இரவில் உள்ளே எடுங்கள், மிச்சச் சோறு எலிக்கு, எலி பாம்புக்கு.

ஒரு பெரிய கபரகொய்யா சமையலறைக்குள் வந்துவிட்டது.

பயந்துபோன விலங்கு அது. உள்ளே வந்தது மீன் செதிலின் மணத்துக்கோ, நாய் துரத்தியோ இருக்கும். நாயை முதலில் கட்டுங்கள், கபரகொய்யா வாலை வீசுவதும் கடிப்பதும் பெரும்பாலும் நாயிடம் சிக்கும்போதுதான். வெளிக்கதவைத் திறந்து, மற்றக் கதவுகளை மூடி, எல்லோரும் விலகி நில்லுங்கள். குளிர்சாதனப்பெட்டிக்குப் பின்னால் புகுந்துவிட்டால் குச்சியால் குத்தாதீர்கள். சத்தம் அடங்கியதும் அதுவே வெளியேறும். ஒரு மணித்தியாலமானாலும் பொறுத்திருங்கள். குழியிலோ வெற்றுத் தண்ணீர்த் தொட்டியிலோ விழுந்திருந்தால், ஒரு நீளப் பலகையில் சாக்கைச் சுற்றிக் கட்டிச் சரிவாக இறக்கிவிட்டு அகன்று விடுங்கள். நகம் பிடிக்க இடம் கிடைத்தால் இரவோடிரவாக ஏறிப் போய்விடும்.

கடித்தால் அல்லது நகத்தால் கீறினால் காயத்தை நன்றாகக் கழுவி, அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். அழுகல் தின்னும் வாய் அது, காயம் சீழ்பிடிக்கும், ஏற்பு ஊசியும் தேவைப்படலாம்.

கபரகொய்யாவையும் உடும்பையும் குழப்பிக்கொண்டு அடிப்பவர்கள் உண்டு. கறுப்பில் மஞ்சள் புள்ளியோ பட்டையோ இருந்து, மூக்குத் துளை முகத்தின் நுனியோரம் இருந்தால் கபரகொய்யா. மண்நிறமாக, மூக்குத் துளை கண்ணுக்கும் நுனிக்கும் நடுவில் பிளவாக இருந்தால் உடும்பு. இரண்டும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. வீட்டுக்குள் வந்தால் தரித்திரம் என்ற நம்பிக்கைக்காக அந்த உயிரைக் கொல்ல வேண்டாம். கானில் செத்த எலியையும் நண்டையும் முட்டையையும் தின்று துப்புரவாக்குவதில் இதற்கு ஈடு இந்த நகரத்தில் இல்லை.

கால்வாயில் நீந்துவது கபரகொய்யாவா, முதலையா?

தலை முழுதும் தண்ணீருக்கு மேலே, கழுத்து நீளம், பிளவுபட்ட நாக்கு வெளியே வந்து போகிறது என்றால் கபரகொய்யா. கண்ணும் மூக்கு நுனியும் மட்டும் மேலே, உடல் அசையாமல் மிதக்கிறது, நாக்கு தெரியவில்லை என்றால் முதலை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தியவன்னா ஓயா, பொல்கொடை, களனி முகத்துவாரம், முத்துராஜவெலப் பக்கங்களில் முதலைகள் உண்டு. உவர்நீர் முதலை கடலிலும் நீந்தும். கால்வாய் வாய்கள் கடலில் சேரும் வெள்ளவத்தை, தெகிவளைக் கரையில் அவ்வப்போது தலைகாட்டுவது அதனால்தான். 2022 ஜனவரியில் தெகிவளைக் கடலில் சுழியோடிய ஒருவரை முதலை கொன்றது. கால்வாய் கடலில் சேரும் இடத்தில் குளிக்காதீர்கள். மாலை மங்கியதிலிருந்து விடியும் வரை எந்த நீர்க்கரையிலும் கால் நனைக்காதீர்கள். குந்தியிருந்து கை கழுவுவதும் மீன் கழுவுவதும் மிக ஆபத்தான நிலை. உங்கள் உருவம் தாழ்கிறது, முகம் தண்ணீரை நோக்குகிறது. நாயைத் தண்ணீர் ஓரத்திலிருந்து ஐந்து மீற்றர் உள்ளே, குறுகிய வாரில் நடத்துங்கள்.

கரையேறிக் கிடக்கும் முதலையைக் கண்டால் படம் எடுக்க நெருங்காமல் 30 மீற்றராவது விலகி, அதற்கும் தண்ணீருக்கும் நடுவே வராமல் திரும்புங்கள். இலைச் சருகைக் கூட்டிக் குவித்த மேடு ஒன்று நாணலுக்குள் தெரிந்தால் அது உவர்நீர் முதலையின் கூடாக இருக்கலாம், தாய் பக்கத்தில் இருக்கும். துரத்தினால் நேராக ஓடுங்கள், வளைந்து வளைந்து ஓடச் சொல்வது தவறு. தரையில் அது சில மீற்றருக்கு மேல் துரத்தாது. பிடித்துவிட்டால் கண்ணில் குத்துவதும் மூக்கில் அடிப்பதும்தான் வழி.

பெத்தகான, தியசரு, தலங்கம நடைபாதைகளில் காலையில் தனியாக நடப்பது பாதுகாப்பா?

பாதையை விட்டு இறங்காமல் நடந்தால், ஆம். மரப்பாலத்தின் மேல் வெயில் காயும் பாம்பைக் கண்டால் நின்றுவிடுங்கள். அது நகரக் காத்திருங்கள், தாண்டிக் குதிக்காதீர்கள். காதில் பாட்டுக் கருவி இல்லாமல் நடப்பது நல்லது, கண்ணாடி விரியன் சீறி எச்சரிக்கும். செருப்பை விட மூடிய சப்பாத்து. புல்வெளிக் குறுக்குப் பாதையில் இறங்கினால் அடியை ஓசையாக வைத்து நடங்கள்.

"புலிக்குட்டி" ஒன்று மீன் தொட்டியில் மீனைத் தின்கிறது என்கிறார்கள்.

அது வளர்ந்த மீன்பிடிப் பூனை. வீட்டுப் பூனையைவிட இரண்டு மடங்கு பெரியது. சாம்பல் உடலில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள், குட்டை வால். கொழும்பின் ஈரநிலங்களில் வாழ்கிறது, உலக அளவில் அழிவை நோக்கும் இனங்களில் ஒன்று. ஆளைக் கண்டால் ஓடும். தொட்டிக்கு இரவில் கம்பி வலை மூடினால் பிரச்சினை முடிந்தது. பொறி வைத்துப் பிடித்து வேறிடத்தில் விடுவது சட்டவிரோதம், பயனும் இல்லை. புதிய இடத்தில் வேறொன்றின் எல்லைக்குள் விழும், பழைய இடத்துக்கு இன்னொன்று வரும். நாணலில் குட்டியைக் கண்டால் தொடாமல் விலகி, மறுநாள் காலை பாருங்கள். தாய் இரை தேடப் போயிருக்கும். அப்போதும் அதே இடத்தில் கத்திக்கொண்டு கிடந்தால் 1992.

சீலிங்குக்கு மேல் இரவில் தடதடவென்று ஓட்டம். எலியா?

எலி சுரண்டும், மரநாய் ஓடும். ஏழு எட்டு மணிக்கு வெளியே போகும் சத்தமும் விடியற்காலையில் திரும்பும் சத்தமும் கேட்டால், சீலிங்கில் மூத்திரக் கறை படர்ந்தால், மரநாய். செய்ய வேண்டியதை வரிசை மாறாமல் செய்யுங்கள். பகலில் வெளியிலிருந்து கூரையைச் சுற்றிப் பார்த்து ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் ஓரப் பலகை உளுத்த இடம், அல்லது பீலிக்கு மேல் சீற்றின் அலை இடைவெளி. அந்த இடத்தில் மாவைத் தூவுங்கள். இரவு எட்டு மணிக்குப் பின் வெளியே போன தடத்தைக் கண்டதும், உள்ளே குட்டி கீச்சிடுகிறதா என்று கேளுங்கள். குட்டி இருந்தால் மூடாதீர்கள், அவை தாயோடு வெளியே போகும் வரை இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு அடைத்தால் குட்டிகள் உள்ளே செத்து நாறும், தாய் இன்னோர் இடத்தைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வரும். குட்டி இல்லை என்று உறுதியானால் அரை அங்குல வெல்ட் வலையைத் திருகாணியால் பொருத்துங்கள், ஆணி மட்டும் போதாது. பிறகு கூரையிலிருந்து ஆறடிக்குள் நீட்டிய மா, பலாக் கிளைகளை வெட்டுங்கள்.

அஸ்பெஸ்டஸ் சீற்றில் ஏறி மிதிக்காதீர்கள், துளைக்கவும் வெட்டவும் வேண்டாம். சீற் உடையும், தூசு நுரையீரலுக்குக் கேடு. வலையை மரச் சட்டத்தில் பொருத்துங்கள். பூச்சி உருண்டை போட்டால் அந்த வாடையில் நீங்கள்தான் அவதிப்படுவீர்கள்.

ஊதாமுக மந்திகள் கூரையில் குதித்து சீற்றை உடைக்கின்றன.

உணவு கொடுப்பதை நிறுத்துவதுதான் முதல் வேலை. பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள். இது இலங்கைக்கு மட்டும் உரிய இனம், கொழும்புப் பக்கத்து வகை அழிவின் விளிம்பில் இருக்கிறது. மரத்துக்கு மரம் தாண்ட இடமில்லாதபோதுதான் கூரையிலும் மின்கம்பியிலும் இறங்கி, கம்பியில் சுட்டுச் சாகின்றன. ஒரு பக்கக் கிளைகளை வெட்டும்போது மறுபக்கத்துத் தொடரை விட்டுவைத்தால் அவை அந்த வழியையே எடுக்கும்.

கீரி, மரநாய், குரங்கு, வௌவால் கடித்தால் விசர்நாய் ஊசி போட வேண்டுமா?

முதலில் 15 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இந்தக் கழுவல்தான் நுழைந்த வைரஸைக் குறைக்கிறது. மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு வேண்டாம். பிறகு அரச வைத்தியசாலைக்கு உடனே. காட்டு விலங்கை வீட்டு நாயைப் போலக் கட்டிவைத்துக் கண்காணிக்க முடியாது, ஆகவே காத்திருக்காமல் தடுப்பூசி தொடங்கப்படும். ஆழக் காயத்துக்குக் காயத்தைச் சுற்றியும் எதிர்ப்பு மருந்து ஏற்றுவார்கள். அட்டவணையில் உள்ள எந்த ஊசியையும் தவறவிடாதீர்கள். நோய் அறிகுறி வந்த பிறகு சிகிச்சை இல்லை.

வௌவால் அறைக்குள் வந்தால் முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள், விளக்கை அணைத்து யன்னலைத் திறங்கள். சில நிமிடத்தில் போய்விடும்.

வெள்ளம் வடிந்த வீட்டுக்குத் திரும்பும்போது?

2016 மே மாதம் களனி பெருக்கெடுத்துக் கொலன்னாவை மூழ்கியதுபோன்ற வெள்ளங்களில் பாம்புகளும் உயரமான இடம் தேடி வீட்டுக்குள் ஏறும். பகலில் திரும்புங்கள். முழங்கால் வரை பூட்ஸ், தடித்த கையுறை, நீளத் தடி. மெத்தை, துணிக்குவியல், அலுமாரியின் கீழ்த்தட்டு, சப்பாத்து எல்லாவற்றையும் தடியால் தட்டிய பின்பே கை வையுங்கள். காலில் புண் இருந்தால் மூடிக் கட்டுங்கள், எலி மூத்திரம் கலந்த நீரில் எலிக்காய்ச்சல் பரவும். வெள்ள நீரில் தொடர்ந்து வேலை செய்ய வேண்டியிருந்தால் முன்கூட்டியே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், வெள்ளத்தில் நின்றதை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

1992-ஐ அழைத்தால் என்ன சொல்வது?

வீட்டிலக்கம், வீதி, பக்கத்தில் தெரிந்த ஓர் இடம், விலங்கு இருக்கும் சரியான இடம், அடைபட்டிருக்கிறதா, காயப்பட்டிருக்கிறதா, எவ்வளவு பெரியது. எதிர்முனையில் சிங்களத்தில் பேசினால் இந்தப் பெயர்கள் போதும்: கபரகொயா, உடும்புக்கு தலகொயா, முதலைக்கு கிம்புலா, மீன்பிடிப் பூனைக்கு ஹந்துன் திவியா, மரநாய்க்கு உகுடுவா, கண்ணாடி விரியனுக்கு தித் பொலங்கா, கட்டுவிரியனுக்கு கரவலா, மந்திக்கு வந்துரா. வருவதற்கு நேரமாகலாம். அதுவரை ஒருவர் தூரத்தில் நின்று விலங்கைக் கவனிக்கட்டும், மற்றவர்கள் கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்ளட்டும். முதலை ஆள்நடமாட்டமுள்ள கரையில் கிடந்தால் 119-ஐயும் அழைத்துப் பொலிஸாரிடம் பாதையை மூடச் சொல்லுங்கள்.